பாலித் தீவின் அடுக்கு வயல்களும் சுபாக் நீர்ப்பங்கீடும்

இந்தோனேசியாவின் பாலித் தீவுக்குச் செல்லும் வெளிநாட்டுப் பயணிகள் தவறாமல் காண விரும்பும் இடங்களில், உபுத் நகருக்கு வடக்கே உள்ள தெகலாலாங், பத்துக்காரு மலையின் சரிவில் சுமார் 700 மீட்டர் உயரத்தில் அமைந்த ஜாத்திலுவீ ஆகிய ஊர்களின் அடுக்கு வயல்கள் முதன்மையானவை. மலைச்சரிவை வெட்டிச் சமன்படுத்தி, கரை எழுப்பி, ஒன்றன்கீழ் ஒன்றாக அமைத்த இவ்வயல்களின் அழகு எவர் கண்ணையும் கவரும் என்றாலும், அந்த அழகை நூற்றாண்டுகளாகக் காத்துவருவது நீரைப் பங்கிடுவதற்கு உழவர்கள் வகுத்துக்கொண்ட ஓர் ஏற்பாடே ஆகும். அதன் பெயர் சுபாக்.

ஒரே நீர்வழியிலிருந்து பாசனம் பெறும் வயல்களின் உழவர்கள் சேர்ந்து நடத்தும் தன்னாட்சி அமைப்பே சுபாக் எனப்படுகிறது. அதன் எல்லையை நிர்ணயிப்பது வாய்க்காலே என்பதால், ஒரே ஊரார் வெவ்வேறு சுபாக்குகளிலும், வெவ்வேறு ஊரார் ஒரே சுபாக்கிலும் இருப்பதுண்டு. இவ்வமைப்பின் தலைவரைப் பெக்காசே என்றும், நீர் முறை, வாய்க்கால் பராமரிப்பு, தண்டம் ஆகியவற்றை வகுக்கும் விதித்தொகுப்பை அவிக்-அவிக் என்றும் அழைக்கின்றனர். இம்முறையின் தொடக்கத்தை ஆய்வாளர்கள் 9ஆம் நூற்றாண்டு வரை கொண்டுசெல்கின்றனர்.

பாலியின் ஆறுகள் எரிமலைப் பாறையை அரித்து ஆழமான பள்ளங்களில் ஓடுவதால், கரையோர வயல்களுக்கு அவற்றின் நீரை நேரடியாகத் திருப்ப முடிவதில்லை. ஆகவே, ஆற்றின் மேற்பகுதியில் சிறு தடுப்பணை கட்டி, அங்கிருந்து பாறையைக் குடைந்த சுரங்கங்கள் வழியாகவும் வாய்க்கால்கள் வழியாகவும் நீரைக் கீழுள்ள வயல்களின் தலைமடைக்குக் கொண்டுவருகின்றனர். வாய்க்கால் பிரியும் இடத்தில் தெம்புக்கு என்னும் பங்கீட்டுக் கட்டை குறுக்கே கிடக்கும். மரத்துண்டில் ஒரே ஆழத்தில் செதுக்கிய பள்ளங்களே அதன் அமைப்பு முழுவதும். எந்தப் பிரிவுக்குப் பங்கு அதிகமோ அதன் பள்ளம் அதற்கேற்ப அகலமாக இருக்கும். வெள்ளம் பெருகினாலும் வறட்சியில் சுருங்கினாலும் வரும் நீர் அதே விகிதத்தில் பிரிவதால், மதகைத் திறக்கவும் மூடவும் காவலர் எவரும் தேவைப்படுவதில்லை. ஒருவர் பள்ளத்தைச் சற்று அகலப்படுத்தினாலும் அவ்வழியே நடப்பவர் அனைவருக்கும் அது தெரிந்துவிடும். இன்று பல இடங்களில் மரத்துக்குப் பதில் சிமெண்டுக் கட்டை இருந்தாலும் கணக்கு மாறவில்லை.

ஒரு சுபாக்குக்குள் நிகழும் பங்கீட்டைத் தெம்புக்கு முடித்துவைக்கிறது என்றால், பல சுபாக்குகளுக்கு இடையிலான ஒழுங்கை நீர்க்கோயில்கள் பேணுகின்றன. அணை, ஊற்று, ஏரி என நீரின் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு கோயில் உண்டு. எரிமலை வாயில் தேங்கிய பத்தூர் ஏரியின் தெய்வத்துக்கு உரிய உலுன் டானு பத்தூர் கோயில் அவற்றுள் தலையாயது. எந்தச் சுபாக் எப்போது நாற்று நட வேண்டும், எப்போது வயலைத் தரிசாக விட வேண்டும் என்பதை இக்கோயில்களைச் சார்ந்த கூட்டங்களில் உழவர்கள் கூடி முடிவுசெய்கின்றனர்.

இந்த முடிவு எளிதானதன்று. எல்லோரும் ஒரே நாளில் நட்டால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நீர் தேவைப்பட்டுக் கடைமடை காயும். ஆளுக்கொரு நாளில் நட்டாலோ புகையான் போன்ற பூச்சிகளுக்கும் எலிகளுக்கும் ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு வயலில் இரை கிடைத்துக்கொண்டே இருக்கும். பரந்த நிலப்பரப்பு முழுவதையும் ஒருசேர அறுத்துத் தரிசாக விட்டால் மட்டுமே பூச்சிகள் இரையின்றி மடியும். தலைமடை உழவருக்கு நீர்ப்பஞ்சம் பெரிய கவலையன்று, ஆனால் கீழ்வயல்களிலிருந்து பூச்சி பரவும் அச்சம் உண்டு. கடைமடை உழவருக்கோ நீரே முதற்கவலை. ஆதலால் கீழே உள்ளவருக்கு நீர் விட்டுக்கொடுத்து, அவரோடு நடவு நாளை ஒத்துக்கொள்வது மேலே உள்ளவருக்கும் ஆதாயமாகிறது.

இந்த நுட்பம் 1970களின் பசுமைப் புரட்சிக் காலத்தில் அதிகாரிகளின் கண்ணில் படவில்லை. உயர்விளைச்சல் ரகங்களை இயன்ற அளவு அடிக்கடி பயிரிடுமாறு உழவர்கள் ஊக்குவிக்கப்பட்டனர். தொடக்கத்தில் மகசூல் உயர்ந்த போதிலும், கூட்டுத் தரிசு முறை குலைந்தபின் நீர்த் தகராறும் புகையானும் துங்ரோ நச்சுயிரி நோயும் பெருகின. பாலியில் நெடுங்காலம் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங், சூழலியலாளர் ஜேம்ஸ் கிரெமருடன் இணைந்து, இரண்டு ஆறுகளைச் சார்ந்த 172 சுபாக்குகளைக் கணினி மாதிரியில் அமைத்துப் பார்த்தபோது, நீர்க்கோயில் கூட்டங்கள் வகுக்கும் அளவிலான ஒத்திசைவே பூச்சிச் சேதத்தையும் நீர்த் தட்டுப்பாட்டையும் ஒருங்கே குறைத்து நல்ல மகசூலைத் தருவது தெரியவந்தது. லான்சிங் இவ்வாய்வுகளைத் தொகுத்து 1991இல் நூலாக வெளியிட்டார்.

யுனெஸ்கோ 2012இல் சுபாக் நிலக்காட்சியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சுமார் 19,500 ஹெக்டேர் பரப்புள்ள அப்பகுதியில் ஜாத்திலுவீயும் பத்தூர்க் கோயிலும் அடங்கும். கடவுள், மனிதர், இயற்கை ஆகிய மூன்றுக்கும் இடையே இணக்கம் வேண்டும் என்னும் திரி ஹித கரணக் கோட்பாட்டின் வெளிப்பாடாகவே அந்நிலக்காட்சி அப்பட்டியலில் விவரிக்கப்படுகிறது. இந்தப் புகழ் கூட்டத்தைப் பெருக்க, கூட்டத்தை நம்பி எழும் விடுதிகளும் உணவகங்களும் வயல்களை விழுங்குகின்றன. ஒரு வயல் கட்டடமானால் அதன் வழியாக நீர் பெற்ற கீழ்வயல்களும் பாதிக்கப்படும். வாய்க்காலைத் தூர்வார ஓர் ஆளும் குறைவார்.

எனவே அங்கே செல்பவர், படம் எடுத்ததோடு திரும்பிவிடாமல், அனுமதிக்கப்பட்ட பாதையில் வாய்க்காலோரம் நடந்து, நீர் பிரியும் கட்டையையும் வயல்மூலையில் உள்ள சிறு கோயிலையும் கவனிக்க வேண்டும். வரப்பை மிதித்துச் சிதைக்காமலும், விளைந்த அரிசியை உழவரிடமே வாங்கியும் உதவ வேண்டும். சாகுபடி உழவருக்குக் கட்டுபடியாகும் வரைதான் அந்த அடுக்கு வயல்கள் நிலைக்கும்.