உங்களுக்குத் தெரியுமா? கலைந்த எழுத்துகளில் சொல் தேடும் சூத்திரம்

இ, ஐ, எல், என், எஸ், டி ஆகிய ஆறு ஆங்கில எழுத்துகளை 720 விதமாக மாற்றி அடுக்கலாம். அத்தனையையும் எழுதிப் பார்த்தால்தான் சொல் கிடைக்கும் என்று தோன்றும், தேவையே இல்லை. அகராதியிலுள்ள ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் முன்கூட்டியே அகரவரிசையில் அடுக்கி வைத்துவிட்டால், 'லிசன்', 'சைலன்ட்', 'என்லிஸ்ட்', 'டின்சல்' நான்கும் மேற்சொன்ன ஒரே வரிசையில் வந்து சேரும். கையிலுள்ள எழுத்துகளையும் அப்படியே அடுக்கினால் ஒரே தேடலில் நான்கும் அகப்படும். ஸ்க்ராபிள் ஆட்டக்காரர்கள் இந்த வரிசையை 'ஆல்ஃபாகிராம்' என்பார்கள்.

கணினிக்கு 720 ஒரு பொருட்டா என்று கேட்கலாம். பொருட்டில்லைதான், ஆனால் வெவ்வேறான 12 எழுத்துகள் என்றால் அந்தக் கணக்கு 47,90,01,600 ஆகிவிடும். எல்லா எழுத்துகளையும் பயன்படுத்தாத சிறு சொற்கள் விடுபடுமே என்பது அடுத்த ஐயம். வெவ்வேறான ஏழு எழுத்துகளிலிருந்து உருவாகும் தொகுதிகள் 127 மட்டுமே. 127 தேடல்களில் வேலை முடிந்துவிடும். கூடுதல் எழுத்துகளும் கலந்த சொற்கள் வேண்டுமென்றால், எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணி ஒப்பிட்டால் போதும். பொருளே தெரியாமல் இப்படிச் சொல் தேட முடியுமா? முடியும். பிரெஞ்சு பேசத் தெரியாத நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ், 2015இல் பிரெஞ்சு மொழி ஸ்க்ராபிள் உலகப் பட்டத்தையே வென்றார்.