டயரில் இருக்கும் '121/120' என்ன சொல்லுது? ரெக்கவரி வண்டிக்கு டயர் மாத்தும் முன் போட வேண்டிய கணக்கு

சென்னையிலிருந்து ஈசிஆர் வழியா பாண்டிச்சேரிக்கு காரில் வர்றீங்க. மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி, கூனிமேடு பக்கத்தில் வண்டி நின்றுவிடுகிறது. போன் போட்டால் கோட்டக்குப்பத்திலிருந்து ரெக்கவரி வண்டி வருது. காரின் முன்சக்கரங்களைத் தூக்கி மாட்டி இழுத்துட்டுப் போகுது. எவ்வளவு காசு கேட்பாங்க என்றுதான் அப்போது யோசிப்போம். அந்த வண்டியின் பின் டயர் இந்த எடையைத் தாங்குமா என்று நாம் யோசிப்பதில்லை.

வண்டி ஓனரும் புது டயர் வாங்கும்போது பெரும்பாலும் இரண்டு கேள்விதான் கேட்பார்: 'அதே சைஸ் இருக்கா? என்ன விலை?' மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கு. அதற்கான பதில் டயரின் பக்கவாட்டிலேயே அச்சடிக்கப்பட்டிருக்கு.

அந்த நம்பருக்கு என்ன அர்த்தம்?

டயரில் சைஸுக்குப் பக்கத்தில் '121/120 L' போல ஒரு குறியீடு இருக்கும். இதுதான் லோடு இண்டெக்ஸ். 121 என்பது கிலோ கணக்கு இல்லை, அட்டவணை எண். 121 என்றால் ஒரு டயர் 1,450 கிலோ தாங்கும். 120 என்றால் 1,400 கிலோ. கடைசியில் உள்ள L, அதிகபட்ச வேகம் மணிக்கு 120 கி.மீ. என்பதைக் குறிக்கிறது.

ஏன் இரண்டு எண்? முதல் எண், டயர் தனியாக ஓடும்போது. இரண்டாவது, பின்பக்கம் ஜோடியாக ஓடும்போது. ஜோடி டயர்கள் எடையை எப்போதும் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்வதில்லை. நடுவில் சூடும் சீக்கிரம் வெளியேறாது. அதனால்தான் ஜோடிக்குக் குறைவான எண்.

எண்ணில் சின்ன வித்தியாசம், எடையில் பெரிசு. 110 என்றால் 1,060 கிலோதான். அதாவது ஒரு டயருக்கு 340 கிலோ குறைவு. சைஸ் ஒன்றாகவே இருந்தாலும் பிளை ரேட்டிங் மாறினால் இந்த எண்ணும் மாறும். '16 பிஆர்' என்றால் உள்ளே 16 அடுக்கு இருக்கு என்று இன்றைக்கு அர்த்தமில்லை. அது பலத்தைக் காட்டும் பழைய காலத்து அளவுகோல், அவ்வளவுதான்.

தூக்குற எடை வேற, டயரில் விழுற எடை வேற

பலரும் தவறவிடும் இடம் இதுதான். 800 கிலோவைத் தூக்கினால் பின் ஆக்ஸிலில் 800 கிலோதான் கூடும் என்று நினைப்போம். உண்மையில் அதைவிட அதிகமாகக் கூடும். கார் தொங்குவது பின் ஆக்ஸிலுக்கும் பின்னால். சீசா பலகை மாதிரி, பின்னால் அழுத்தினால் முன்பக்கம் லேசாகும். முன்பக்கத்தில் குறையும் எடையும் சேர்ந்து பின் டயர்களில் விழும்.

ஒரு மாதிரிக் கணக்கு பார்ப்போம். வண்டியின் முன், பின் ஆக்ஸில்களுக்கு நடுவே 3.4 மீட்டர். காரைத் தூக்கும் இடம் பின் ஆக்ஸிலிலிருந்து 1.7 மீட்டர் தள்ளி இருக்கு. தூக்கும் எடை 800 கிலோ என்றால் பின் ஆக்ஸிலில் கூடுவது 1,200 கிலோ. முன்பக்கம் 400 கிலோ குறையும். ஸ்டீயரிங் லேசாகிப் போவதும் இதனால்தான்.

காலியாக இருக்கும்போது பின் ஆக்ஸிலில் 2,600 கிலோ என்று வைத்துக்கொள்வோம்.

- சின்ன கார் (800 கிலோ தூக்கினால்): மொத்தம் 3,800 கிலோ
- பெரிய எஸ்யூவி (1,200 கிலோ தூக்கினால்): மொத்தம் 4,400 கிலோ
- ஜோடி எண் 120 உள்ள நான்கு டயர்கள் தாங்குவது: 5,600 கிலோ
- ஜோடி எண் 110 உள்ள நான்கு டயர்கள் தாங்குவது: 4,240 கிலோ

110 டயர் போட்ட வண்டி சின்ன காரை இழுக்கும்போது ஒன்றும் தெரியாது. எஸ்யூவியை மாட்டினால் 160 கிலோ ஓவர். ஜோடியில் ஒன்று பஞ்சரானால் இன்னும் மோசம். பக்கத்து டயர் இரண்டு பேர் சுமையையும் தனியாகச் சுமக்கணும். அப்போது 120 டயராலும் முடியாது.

காரை முழுசாக மேலே ஏற்றும் பிளாட்பெட் வண்டியில் எடை இரண்டு ஆக்ஸிலுக்கும் ஓரளவு பிரியும். ஆனாலும் ஆக்ஸில் வாரியாகத்தான் கணக்குப் பார்க்கணும். ஏற்றிய வண்டியை எடை மேடையில் முன், பின் எனத் தனித்தனியாக நிறுத்திப் பார்த்தால் சரியான எண் கிடைத்துவிடும்.

காற்று குறைஞ்சா நம்பரும் குறையும்

டயரில் போட்டிருக்கும் எடை, அதற்கான காற்றழுத்தம் இருந்தால் மட்டுமே செல்லும். காற்று குறைந்தால் பக்கச்சுவர் அதிகமாக வளைந்து வளைந்து சூடாகும். கடைசியில் வெடிக்கும், அல்லது மேல்பட்டை பிய்ந்துவிடும்.

இதற்கு உலகம் கொடுத்த விலை பெரிது. 2000-ம் ஆண்டு அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஓடியவை. தொடர்புடைய விபத்துகளில் 270-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தயாரிப்புக் குறை, வெயில், சுமை, குறைந்த காற்றழுத்தம் எல்லாமே விவாதத்துக்கு வந்தன. புது கார்களில் காற்றழுத்த எச்சரிக்கை விளக்கு அங்கே கட்டாயமானது அதன் பிறகுதான்.

மரக்காணம் கரையில் இன்னொரு சிக்கல், உப்புக் காற்று. ரிம்மில் டயர் உட்காரும் விளிம்பு துருப்பிடித்தால் காற்று மெல்லக் கசியும். டயரில் ஆழமான வெட்டு இருந்தால் ஈரம் உள்ளே போய் ஸ்டீல் பெல்ட்டும் துருப்பிடிக்கும்.

சட்டம் என்ன சொல்லுது?

2018 ஜூலையில் மத்திய அரசு ஆக்ஸில் எடை வரம்பை உயர்த்தியது. நான்கு டயர் உள்ள ஒற்றை ஆக்ஸிலுக்கு 10.2 டன் என்பது 11.5 டன் ஆனது. ஒரு டயருக்கு 2,550 கிலோவிலிருந்து 2,875 கிலோ. வரம்பு காகிதத்தில் கூடியது. ஓடிக்கொண்டிருந்த டயரின் பலம் கூடவில்லை.

மறுபக்கமும் உண்டு. பலமான டயர் போட்டதால் ஆர்.சி.யில் உள்ள எடையைத் தாண்ட முடியாது. ஓவர்லோடுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 194-வது பிரிவின்படி 20,000 ரூபாய் அபராதம், கூடுதலாக ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய்.

டயர் வாங்கும் முன் செக் பண்ணுங்க

1. ஆர்.சி.யில் ஒவ்வொரு ஆக்ஸிலுக்கும் உள்ள எடை, டயர் சைஸ்.
2. பின் ஆக்ஸில் எடையை 4-ஆல் வகுத்து, அதற்குக் குறையாத ஜோடி எண்.
3. தயாரிப்பு தேதி: '2324' என்றால் 2024-ன் 23-வது வாரம்.
4. ஜோடியில் இரண்டும் ஒரே சைஸ், ஒரே உயரம். ரேடியலையும் நைலானையும் கலக்காதீங்க.
5. ஸ்டெப்னிக்கும் அதே லோடு எண்.
6. காற்றை, டயர் குளிர்ந்திருக்கும்போது, காலையிலேயே பாருங்க.

உங்ககிட்ட கார் மட்டும்தான் இருக்கா? அதிலும் இந்த எண் இருக்கு. 91 என்றால் ஒரு டயருக்கு 615 கிலோ. அடுத்த முறை டயர் மாத்தும்போது, பழசில் இருந்த எண்ணைவிடக் குறைவான எண்ணைக் கடைக்காரர் நீட்டினால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்னு சொல்லிடுங்க.