பொம்மை கிராஸ்போவில் நுரை அம்பு

பொம்மை கிராஸ்போவில் நெர்ஃப் வகை நுரை அம்பை வைத்து விட்டால் தடுமாறி அருகிலேயே விழும். 'ரப்பரை இன்னும் இறுக்கிடலாமே' என்றுதான் முதலில் தோன்றும். அது தீர்வல்ல. அம்பின் எடை சுமார் 1 கிராம்தான். நாண் நேராக இடித்தால் நுரை மடங்கும். அம்பு வாங்கிக்கொள்ளாத ஆற்றல் வில்லையே உலுக்கி விரிசல் விட வைக்கும்.

நாணுக்கும் அம்புக்கும் நடுவில் காற்றை வையுங்க. நாண் ஒரு பிஸ்டனைத் தள்ளட்டும். சிரிஞ்சில் நடப்பதுபோல, அடைபட்ட காற்று சுமார் 13 மி.மீ. குழாயிலுள்ள அம்பைப் பின்புறம் முழுக்கச் சமமாகத் தள்ளும். பிஸ்டனில் காற்று கசியாமலிருக்க ஓ-ரிங் அவசியம்.

ஒரு கணக்கு: வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்கு. விநாடிக்கு 20 மீட்டரில் 0.2 ஜூல், 40 மீட்டரில் 0.8. தோலில் பட்டால் சுளீர், அவ்வளவுதான். கண் அப்படியில்லை. பாதுகாப்புக் கண்ணாடி போடாம டிரிகரைத் தொடாதீங்க.