ஆடுகளத்தில் மனம்

பயிற்சித் திடலில் நாள்தோறும் பிழையின்றிச் செய்துவரும் ஒரு செயலை, போட்டி நாளன்று ஊரார் கூடி நின்று பார்க்கும்போது ஒருவன் ஏன் தவறவிடுகிறான்? வேறொருவனோ அதே கூட்டத்தைக் கண்டதும் என்றும் இல்லாத திறத்தோடு ஆடுகிறானே, அஃது எவ்வாறு? கால்கள் அவையே, தசைகளும் அவையே, முன்னாள் மாலைக்கும் மறுநாட் காலைக்கும் இடையே உடலில் பெரிய மாறுதல் ஒன்றும் நேர்ந்துவிடவில்லை. மாறியது மனம். அந்த மாறுதலை அளந்து பார்க்க முயன்ற சிலரைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். ஆசிரியனாக நான் செய்த ஒரு பிழையையும் இடையே சொல்ல வேண்டியிருக்கிறது.

இவ்வாராய்ச்சியின் தொடக்கம் மிதிவண்டிப் பந்தயத்தில் இருக்கிறது. அமெரிக்க நாட்டு இந்தியானாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நார்மன் டிரிப்லெட் என்பார் பந்தயக் கணக்குகளைப் புரட்டிப் பார்த்தார். தனியே காலத்தோடு போட்டியிட்டு ஓட்டுபவரைவிட, பிறரோடு சேர்ந்து ஓட்டுபவர் விரைந்து செல்வதைக் கண்டார். காற்றின் தடையா, மனத்தின் கிளர்ச்சியா என்னும் ஐயம் எழுந்தது. காற்றுக்கு இடமில்லாத ஒரு சோதனையை அமைத்தார். தூண்டில் நூல் சுற்றும் உருளைகளைச் சிறுவர் கையில் கொடுத்து, ஒரு முறை தனியாகவும் ஒரு முறை மற்றொருவரோடு போட்டியாகவும் சுற்றச் செய்தார். 1898-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார். நாற்பது சிறுவருள் இருபதின்மர் போட்டியில் விரைந்து சுற்றினர். பதின்மருக்குக் குறிப்பிடத்தக்க மாறுதல் இல்லை. எஞ்சிய பதின்மரோ போட்டி வந்ததும் நிலைகுலைந்து, தனியே சுற்றியதைவிட மெல்லச் சுற்றினர்.

நான் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில் இச்சோதனையை, ‘போட்டி ஊக்கத்தைத் தரும்’ என்னும் ஒரே வரியில் மனப்பாடம் செய்தோம். கைகுலைந்த அந்தப் பதின்மரைப் பற்றி எங்கள் பாடக்குறிப்பில் ஒரு சொல்லும் இல்லை. வகுப்பறையிலும் அந்தப் பதின்மரை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம் அல்லவா?

அவர்களை மறவாமல் ஒரு விளக்கம் தந்தவர் ராபர்ட் சயன்ஸ் என்னும் உளவியலறிஞர். 1965-இல் அவர் கூறியது இது: பிறர் அருகில் இருந்தால் உயிர்க்குக் கிளர்ச்சி உண்டாகிறது, கிளர்ச்சி மிகுந்தால், எச்செயல் ஒருவரிடம் மிகுதியாய்ப் படிந்திருக்கிறதோ அச்செயலே முந்திக்கொண்டு வெளிப்படுகிறது. நன்கு பழகியவனிடம் படிந்திருப்பது சரியான செயல். ஆதலின் அவன் சிறக்கிறான். கற்றுக்குட்டியிடம் படிந்திருப்பது பிழை. ஆதலின் அவன் மேலும் பிழைபடுகிறான்.

இதனை மெய்ப்பிக்க 1969-இல் அவரும் உடன்பணியாற்றியோரும் தேர்ந்துகொண்ட உயிர் கரப்பான்பூச்சி என்றால் நீங்கள் நகைப்பீர்கள். ஒளியைக் கண்டு ஓடும் அப்பூச்சிகளை நேரான பாதையிலும், திருப்பமுள்ள பாதையிலும் ஓடவிட்டனர். கண்ணறைகளின் உள்ளே வேறு கரப்பான்பூச்சிகளைப் பார்வையாளராக அமர்த்தினர்! பார்வையாளர் இருந்தபோது நேர்வழியில் ஓட்டம் விரைந்தது. திருப்பமுள்ள வழியில் தாமதமாயிற்று என்று அறிவித்தனர். ஆயினும், 2020-இல் வெளிவந்த ஒரு மறுசோதனையில், நேர்வழியில் வேகம் கூடியதாகத் தெரியவில்லை. அறிவியலில் ஒரு சோதனை புகழ்பெற்றுவிட்டதனாலேயே உறுதிப்பட்டுவிடாது. மீண்டும் செய்து பார்க்க ஒருவர் வரவேண்டும்.

மனிதரிடத்தும் இதனைப் பார்த்திருக்கின்றனர். 1982-இல் வெளியான ஓர் ஆய்வில், கோலால் பந்தைத் தள்ளிக் குழியில் வீழ்த்தும் மேசை விளையாட்டில் ஈடுபட்டிருந்த கல்லூரி மாணவரை முதலில் தொலைவிலிருந்து கவனித்தனர். தேர்ந்தவர் நூற்றுக்கு 71 முறை வெற்றி கண்டனர். தேராதவர் 36 முறை. பின்னர் நால்வர் மேசையருகே வந்து நின்று உற்றுப் பார்த்தனர். தேர்ந்தவரின் வெற்றி 80 ஆக உயர்ந்தது. தேராதவருடையது 25 ஆகத் தாழ்ந்தது. எனினும் இத்தகைய ஆய்வுகள் 241-ஐத் திரட்டி 1983-இல் கணக்கிட்டவர்கள், பார்வையாளரால் விளையும் மாறுதல் பொதுவில் மிகச் சிறியதே என்று கண்டனர். ஆனால் நூற்றில் ஒரு பங்கு நொடியாலும், ஒரு விரற்கடை நீளத்தாலும் வெற்றி தீர்மானிக்கப்படும் களத்தில், சிறியது என்று எதனைத் தள்ளுவது?

இனி என் கதைக்கு வருகிறேன். 1998-ஆம் ஆண்டு; நான் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியனாய்ப் பொறுப்பேற்ற இரண்டாம் ஆண்டு. பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் நீளம் தாண்டுதலில் வல்லவன். எங்கள் பள்ளியின் பின்புறத்து மணற்குழியில் மாலைதோறும் அவன் தாண்டுவதைக் காண்பேன். தூரத்திலிருந்து ஓடிவந்து பலகையை மிதித்தெழுவான். அவன் பலகையைத் தாண்டி மிதித்ததை நான் பார்த்ததே அரிது. மாவட்டப் போட்டிக்கு அவனை அழைத்துச் சென்றோம். பரிசு உறுதி என்று உடற்கல்வி ஆசிரியரும் நானும் நம்பியிருந்தோம்.

அவன் முறை வருமுன் நான் அருகே சென்று, தோளில் கை வைத்து, “தம்பி, பலகையில் கவனம். ஒவ்வோர் அடியையும் எண்ணிக்கொண்டு ஓடு. வலக்கால் எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொள்” என்றேன். “சரி, ஐயா” என்றான். முதல் தாண்டலுக்குச் சிவப்புக் கொடி எழுந்தது. மீண்டும் அருகே சென்று, முன்னினும் விரிவாக அதே அறிவுரையைக் கூறினேன். மீண்டும் சிவப்புக் கொடி. மூன்றாவது முறையும் அவ்வாறே. திரும்பி வரும் பேருந்தில், பிற மாணவர் கேட்க, “உனக்கு அக்கறை இல்லை” என்று கடிந்துகொண்டேன். அவன் மறுமொழி கூறவில்லை. அதற்குப் பின் மணற்குழிப் பக்கம் அவன் வரவும் இல்லை.

சயன்ஸின் விளக்கப்படி அவன் வென்றிருக்க வேண்டும். அவன் கற்றுக்குட்டி அல்லன், சரியான செயல் அவனிடம் ஊறியிருந்தது, கூட்டமும் இருந்தது. பின் ஏன் தவறினான்? அக்கறையின்மைதான் என்று பல்லாண்டு காலம் நம்பியிருந்தேன்.

விடை வேறு ஆராய்ச்சிகளில் இருந்தது. 1984-இல் ராய் பௌமைஸ்டர் என்பவர், நெருக்கடியில் ஒருவர் தம் செயலைத் தாமே உற்றுக் கவனிக்கத் தொடங்குவதும், அக்கவனமே செயலைக் குலைப்பதும் உண்டு என்று எழுதினார். 2002-இல் சியன் பைலாக் என்னும் அம்மையாரும் உடன் ஆய்ந்தோரும் இதனைத் தெளிவாகக் காட்டினர். தேர்ந்த கால்பந்தாட்டக்காரரை, கூம்புகளுக்கிடையே பந்தைத் தட்டிச் செல்லுமாறு பணித்தனர். காலின் எப்பகுதி பந்தைத் தொடுகிறது என்று கவனித்துக்கொண்டே சென்றபோது அவர்கள் தடுமாறினர். காதில் விழும் சொற்களைக் கவனிக்கும் வேறு வேலையைக் கொடுத்தபோது நன்றாகச் சென்றனர். புதிதாய்ப் பழகுவோர்க்கு இது நேர்மாறாக இருந்தது; காலைக் கவனிப்பது அவர்க்கு உதவிற்று. இன்னும் வியப்பு ஒன்று: அத்தேர்ந்த ஆட்டக்காரரையே பழகாத இடக்காலால் ஆடச் சொன்னபோது, அவர்களும் புதியவர் போலவே, கவனித்தால் நன்றாக ஆடினர். ஒரே மனிதனின் வலக்கால் ஆசிரியன், இடக்கால் மாணவன்!

கற்கும்போது ஒரு செயலைப் படிப்படியாகப் பிரித்து அறிகிறோம். பழகப் பழக அப்படிகள் ஒன்றோடொன்று இணைந்து, நினைவின் மேற்பார்வை இன்றியே நடைபெறுகின்றன. 1925-இல் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு ஆராய்ச்சிக்கூடத்தை நடத்தத் தொடங்கிய கோல்மன் கிரிஃபித், அமெரிக்கக் கால்பந்தாட்ட வீரர் ரெட் கிரேஞ்சைப் பேட்டி கண்டார். 1924-இல் மிச்சிகன் அணிக்கு எதிராக முதல் 12 நிமிடங்களில் நான்கு முறை எல்லைக்கோட்டைக் கடந்து நாட்டையே வியக்கச் செய்தவர் கிரேஞ்சு. அந்த ஆட்டத்தின் விவரம் எதனையும் அவரால் நினைவுகூர இயலவில்லையாம்! பழகிய கால்கள் தம் வேலையைச் செய்துகொண்டிருந்தன; கணக்கெழுத அங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

நீளம் தாண்டுதலைப் பற்றியே ஓர் ஆய்வு உண்டு. டேவிட் லீயும் அவர்தம் கூட்டாளிகளும் தேர்ந்த வீராங்கனையரின் ஓட்டத்தைப் படம்பிடித்து, ஒவ்வோர் அடியும் எங்கே விழுகிறது என்று அளந்து, 1982-இல் வெளியிட்டனர். ஒவ்வொரு முறையும் ஒரே அளவான அடிகளை வைத்து ஓடுவதனால்தான் கால் பலகையில் சரியாக விழுகிறது என்பதே பயிற்சியாளர் பலரின் எண்ணம். நிகழ்ந்ததோ வேறு. ஓட்டத்தில் சிறுசிறு பிசகுகள் அடிக்கு அடி சேர்ந்துகொண்டே வருகின்றன. கடைசிச் சில அடிகளில், கண் பலகையைக் கண்டு, கால் தன் அடியைச் சற்றே நீட்டியோ குறுக்கியோ, சேர்ந்த பிசகை நேர்செய்துவிடுகிறது. ஓடுபவர் அதனைக் கணக்கிட்டுச் செய்வதில்லை. இருபது சென்டிமீட்டர் அகலமுள்ள அப்பலகையைக் கண்ணும் காலும் தமக்குள் பேசிக்கொண்டு சென்றடைகின்றன. அந்தப் பேச்சின் நடுவேதான் நான் புகுந்து, அடிகளை எண்ணச் சொன்னேன்.

தேர்வெழுதும் நீங்கள் இதனைத் தவறாகக் கொள்ளலாகாது. கணக்குப் போடுவதற்கு நினைவின் மேற்பார்வை வேண்டும். அங்கே நெருக்கடி செய்யும் தீங்கு, கவலைகள் வந்து நினைவின் இடத்தை அடைத்துக்கொள்வதாகும். தேர்வறையில் எண்ணாமல் எழுதுக என்று நான் சொன்னதாக உங்கள் ஆசிரியரிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.

களத்தில் செய்யத்தக்கது யாது? கவனத்தை உடலுக்கு வெளியே வைப்பது ஒரு வழி. கேப்ரியேலே வுல்ஃப் என்பார் 1998-இல், பனிச்சறுக்கைப் போன்ற பொறியில் பழகுவோருள், தம் பாதங்களைக் கருதியவரைவிடப் பாதத்தின் கீழுள்ள உருளைகளைக் கருதியவர் நன்கு கற்றதைக் கண்டார். நெருக்கடியைப் பயிற்சியிலேயே கலந்துவிடுவது மற்றொரு வழி. பைலாக்கும் தாமஸ் காரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், படம்பிடிக்கப்பட்டவாறே கோல்ஃப் பந்தடிக்கப் பழகியவர்கள், பின்னர் நெருக்கடி வந்தபோது குலையவில்லை.

இவற்றை நான் படித்தது பணியின் இறுதி ஆண்டுகளில். அதன்பின் எங்கள் பள்ளியில் வெள்ளிக்கிழமை மாலைகளில் மணற்குழியைச் சுற்றி இரண்டு வகுப்புப் பிள்ளைகளை நிறுத்தி, கைதட்டவும் கூச்சலிடவும் விட்டோம். கூச்சலிட வந்தவர் தொகை தாண்ட வந்தவரினும் மிகுதி. கணித ஆசிரியர் முறையிட்டார். அவர் முறையீட்டிலும் நியாயம் இருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருமண வீட்டில் அந்தப் பழைய மாணவரைச் சந்தித்தேன். நாற்பதை நெருங்கியவர், என்னை அவரே அடையாளம் கண்டு வணங்கினார். தயங்கித் தயங்கி அந்த நாளைப் பற்றிக் கேட்டேன். “நீங்கள் சொன்னபடியே எண்ணிக்கொண்டுதான் ஓடினேன், ஐயா. பதினைந்துக்கு மேல் எண் குழம்பிப் போயிற்று. குனிந்து காலைப் பார்த்தேன்” என்றார். லீயின் ஆய்வைப் பற்றி அவரிடம் சொன்னேன். பந்தியில் அருகருகே அமர்ந்து, இலையோரத்தில் விரலால் பலகையும் அடிகளும் வரைந்து காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

“இதை அன்றைக்குப் பேருந்தில் சொல்லியிருக்கலாமே, ஐயா?” என்றார்.

“அன்றைக்கு எனக்குத் தெரியாது, தம்பி” என்றேன். அந்த ஆய்வு அச்சாகி அப்போதே பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன.