டிஸ்சார்ஜ் சொல்லிட்டாங்க... பக்கவாதத்துக்குப் பிறகு பயிற்சி வீட்டிலா, மையத்திலா?

"நாளைக்கு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்" என்று டாக்டர் சொன்னதும் குடும்பத்துக்கு முதலில் வருவது நிம்மதி. அடுத்த அரை மணி நேரத்தில் குழப்பம். அப்பாவுக்கு வலது கை தூக்க வரவில்லை, பேச்சு குழறுகிறது, மூக்கில் உணவுக் குழாய். பிசியோதெரபிஸ்டை வீட்டுக்கு வரவழைப்பதா, மறுவாழ்வு மையத்தில் சேர்ப்பதா?

பெரும்பாலும் இந்த முடிவு ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில், செலவையும் தூரத்தையும் வைத்தே எடுக்கப்படுகிறது. "புறா ரத்தம் தேய்ச்சா சரியாகிடும்" என்று ஒரு உறவினராவது சொல்வார். (ஆகாது.) இதற்கிடையே நாள்கள் ஓடிவிடும். இழந்த செயல்பாடுகள் வேகமாகத் திரும்புவது முதல் 3 மாதங்களில்தான். அதன் பிறகும் முன்னேற்றம் உண்டு; வேகம் குறையும்.

"நாங்களே பார்த்துக்கிறோம்" என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளிடம் நடந்த 'அட்டெண்ட்' ஆய்வு 2017-ல் 'லான்செட்' இதழில் வெளியானது. வழக்கமான சிகிச்சையோடு, ஒரு பிரிவினரின் குடும்பத்துக்கு மட்டும் வீட்டில் பயிற்சி தரக் கற்றுக்கொடுத்தார்கள். 6 மாதம் கழித்துப் பார்த்தால் இரு பிரிவிலும் 47 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள் அல்லது பிறரைச் சார்ந்திருந்தார்கள். வித்தியாசமே இல்லை. குடும்பத்தின் கவனிப்பு வேண்டும்தான், ஆனால் தெரபிஸ்டின் இடத்தை அது நிரப்பிவிடும் என்று நம்ப முடியாது.

எனவே இடத்தைத் தேடும் முன், நோயாளியால் இப்போது என்ன முடியவில்லை என்று டாக்டரிடம் கேளுங்கள். விழுங்குவதில் சிக்கல் இருந்தால் உணவு நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம். பேச்சும் விழுங்கலும் ஸ்பீச் தெரபிஸ்டின் வேலை. சட்டை போடுவது, சாப்பிடுவது போன்றவற்றைப் பழக்குபவர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். இந்த இரண்டு சிக்கலும் சேர்ந்திருந்தால் சில வாரங்களாவது மையமே நல்லது.

ஆனால் 'ரீஹேப்' என்று போர்டு மாட்டிய இடமெல்லாம் ரீஹேப் அல்ல. சில இடங்களில் நடப்பது படுக்கைப் பராமரிப்பு மட்டுமே. ஏசி ரூமைப் பார்க்காதீர்கள். தினமும் எத்தனை மணி நேரம் பயிற்சி, யார் தருவார், நாங்கள் கூட இருந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். "முழுசா குணமாக்கிடுவோம்" என்று கேரண்டி தந்தால் கிளம்பிவிடுங்கள்.

விழுங்குவது சரியாக இருக்கிறது, பிடித்துக்கொண்டு உட்கார முடிகிறது, பகலில் ஒருவர் கூட இருப்பார் என்றால் வீடு போதும். தெரபிஸ்ட் ஒரு மணி நேரத்தில் போய்விடுவார், மீதி 23 மணி நேரம் உங்கள் பொறுப்பு. அவரிடம் முதலில் கற்க வேண்டியது, எப்படித் தூக்குவது என்பதை. செயலிழந்த கையைப் பிடித்து இழுத்தால் தோள்பட்டை நழுவக்கூடும்.

செலவு? இன்சூரன்ஸில் டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய பிசியோதெரபி சேருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யலாம். சென்னை கே.கே.நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.க்கு பாகாயத்தில் தனி மறுவாழ்வு மையம் உண்டு.

ஒரு மாதம் கழித்து "எக்சர்சைஸ் வேணாம், விடுங்க" என்று அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டால் பிடிவாதம் என்று திட்டாதீர்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அடுத்த செக்கப்பில் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை இருக்கிறது.