மரம் எப்படி வளையுது? ஒரு கை மிஷினும் ஒரு காபிக்கடை நாற்காலியும்

பக்கத்துல ஒரு தடிமனான நோட்டு இருந்தா கையில எடுத்துக்கோங்க. ரெண்டு ஓரத்தையும் பிடிச்சு லாடம் மாதிரி வளைங்க. இப்ப ஓரத்தைப் பாருங்க. வளைக்கிறதுக்கு முன்னாடி நேரா அடுக்கி இருந்த தாள்கள் ஒண்ணு மேல ஒண்ணு நழுவி, சரிவா நிக்கும்.

இப்ப அதே நோட்டுல இருக்கிற எல்லாத் தாளையும் பசை போட்டு ஒட்டிட்டதா நெனச்சுக்கோங்க. தாள் நழுவ முடியாது. அப்ப வளைக்கணும்னா வெளிப்பக்கத் தாள் நீளணும், இல்லன்னா உள்பக்கத் தாள் சுருங்கணும். வேற வழி கிடையாது.

ஒரு மரக்கட்டையை வளைக்கிறதுல இருக்கிற பிரச்சனை மொத்தமும் இதுதான். இந்த எபிசோட்ல, மரத்தைக் கையாலயே வளைக்கிற ஒரு மிஷின் இந்தப் பிரச்சனையை எப்படித் தீர்த்துச்சு, அதனால உலகம் முழுக்கக் காபிக்கடைகள்ல ஒரே மாதிரி நாற்காலி எப்படி வந்துச்சுங்கிறதைப் பார்க்கப் போறோம்.

முதல்ல, மரம் ஏன் வளையும்?

வேப்பமரத்துல இருந்து ஒடிச்ச பச்சைக் குச்சியை வளைச்சா வளையும். அதே குச்சி ஒரு மாசம் வெயில்ல கிடந்தா, வளைச்ச உடனே டப்புனு உடையும். மரம் அதே மரம்தான். தண்ணிதான் போயிடுச்சு.

மரத்துக்குள்ள நீள நீளமான நார்கள் இருக்கு. அந்த நார்களை ஒட்டிப் பிடிச்சிருக்கிற பசைக்கு லிக்னின்னு பேரு. ஈரமும் சூடும் சேரும்போது, கிட்டத்தட்ட 100 டிகிரி செல்சியஸ் பக்கம் போனா, இந்த லிக்னின் இளகிடும். ஆறினதும் மறுபடி இறுகிடும்.

கடலை உருண்டை பிடிச்சிருக்கீங்களா? பாகு சூடா இருக்கும்போதே கடலையை உருட்டிடணும். ஆறிடுச்சுன்னா அப்புறம் என்ன அமுக்கினாலும் உருண்டை வராது, உதிர்ந்துதான் போகும். இங்க கடலைதான் நார், வெல்லப்பாகுதான் லிக்னின். மரம் வளைக்கிறவங்களுக்கும் அதே அவசரம்தான்.

அதனால முதல் வேலை, மரத்தை ஆவியில வேக வைக்கிறது. நீளமான ஒரு பெட்டி, அதுக்குள்ள கொதிக்கிற தண்ணியோட ஆவி. ஒரு அங்குலத் தடிமனுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்கிறது தொழில்ல புழங்குற கணக்கு. பெட்டியில ஆவி வெளியேற ஒரு வழி கட்டாயம் இருக்கணும். இறுக்கமா மூடினா அது பெட்டியா இருக்காது, வெடிக்கிற பாய்லர் ஆயிடும்.

வெந்துட்டா போதுமா?

போதாது. பலபேர் தடுக்கி விழுற இடம் இதுதான்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 25 மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஒரு கட்டையை அரைவட்டமா வளைக்கிறோம். உள்பக்கத்தோட ஆரம் 200 மில்லிமீட்டர். அப்ப உள்பக்க நீளம் சுமார் 628 மில்லிமீட்டர். வெளிப்பக்கம் சுமார் 707. வித்தியாசம் கிட்டத்தட்ட 79 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு சாண்ல மூணுல ஒரு பங்கு. ஒரே கட்டையோட ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல இவ்வளவு வித்தியாசம்!

கட்டையைச் சும்மா கையால வளைச்சா, நடுக்கோடு மட்டும் அதே நீளத்துல இருக்கும். வெளிப்பக்கம் சுமார் 6 சதவீதம் நீளணும், உள்பக்கம் 6 சதவீதம் சுருங்கணும். நல்லா வெந்த மரத்தால 6 சதவீதம் நீள முடியுமா? முடியாது. அதால ஒண்ணு, ரெண்டு சதவீதம்தான் நீள முடியும். அதுக்கு மேல இழுத்தா வெளிப்பக்க நார் பிய்ஞ்சுடும்.

ஆனா சுருங்கச் சொல்லுங்க. பீச் மாதிரி மரம் நல்லா வெந்திருந்தா 20 சதவீதத்துக்கு மேலயும் சுருங்கும். மரத்தோட குணமே இதுதான்: அமுக்கினா தாங்கும், இழுத்தா தாங்காது.

அப்ப வழி என்ன? வெளிப்பக்கத்தை நீளவே விடக்கூடாது. தேவைப்படுற மாற்றம் முழுக்க உள்பக்கம் சுருங்கறதுலயே நடந்துடணும். நம்ம கணக்குல வெளிப்பக்கம் 707-லயே நின்னா, உள்பக்கம் சுமார் 11 சதவீதம் சுருங்கணும். அது மரத்தால தாங்க முடிஞ்ச அளவுதான்.

மிஷினோட உயிர், ஒரு இரும்புப் பட்டை

இதைச் செய்யறது ரொம்பச் சாதாரணமா தெரியுற ஒரு சாமான். மெல்லிசான இரும்புப் பட்டை ஒண்ணு. ரெண்டு முனையிலயும் கெட்டியான தடுப்புக் கட்டை. வெந்த மரத்தைப் பட்டை மேல வச்சு, ரெண்டு தடுப்புக்கும் நடுவுல இறுக்கமா மாட்டிடுவாங்க. வளைக்கும்போது பட்டை வெளிப்பக்கம் இருக்கும். இரும்பு நீளாது. தடுப்புக் கட்டைகளும் நகராது. அதனால மரத்தோட வெளிப்பக்கத்துக்கு நீளறதுக்கு இடமே இல்ல. உள்பக்கம் சுருங்கித்தான் ஆகணும்.

இப்ப மிஷினைப் பார்க்கலாம். கனமான ஒரு மேசை. அதோட நடுவுல, நமக்கு வேண்டிய வளைவுல செஞ்ச அச்சு. பட்டையோட சேர்த்து மரத்தோட நடுப்பகுதியை அச்சுல வச்சு ஒரு கிளாம்ப்பால இறுக்கிடுவாங்க. பட்டையோட ரெண்டு முனையிலயும் நீளமான கைப்பிடி. ஆளுக்கு ஒரு பக்கம் நின்னு, ஒரே வேகத்துல கைப்பிடியை அச்சைச் சுத்திக் கொண்டு வருவாங்க.

கைப்பிடி ஏன் நீளமா இருக்கு? நெம்புகோல் கணக்குதான். நீளம் ரெண்டு மடங்கானா தேவைப்படுற பலம் பாதியாகும். அதுக்கு இன்னொரு வேலையும் இருக்கு. வளைக்கும்போது மரத்தோட முனை தடுப்புக் கட்டையைப் பலமா தள்ளும். கட்டை பின்னாடி சாய்ஞ்சா, மரத்தோட முனை எதிர்ப்பக்கமா திரும்பிக் கெட்டுப்போகும். பட்டையோட பின்பக்கம் ஒட்டி வர்ற கைப்பிடிதான் அந்தக் கட்டையைச் சாய விடாம பிடிக்குது.

ஆள் பலம் பத்தாத தடிமனுக்கு, கையால சுத்துற வின்ச் சேர்ப்பாங்க. ரெண்டு கைப்பிடியில இருந்தும் கம்பிக்கயிறு வின்ச்சுக்கு வரும். அதுல இருக்கிற பல்சக்கரமும் கொக்கியும், இழுத்த அளவு பின்னாடி போகாம பார்த்துக்கும்.

இங்க ஒரு நுணுக்கம். முனையில ரொம்ப இறுக்கிட்டாலும் ஆபத்து. அமுக்கம் எல்லை தாண்டினா உள்பக்கம் சட்டையோட முழங்கை மடிப்பு மாதிரி சுருக்கம் விழுந்துடும். அதனால ஒரு தடுப்புக் கட்டையில திருகு வச்சிருப்பாங்க. வளையும்போதே அதைக் கொஞ்சம் கொஞ்சமா தளர்த்துவாங்க. எப்பத் தளர்த்தணும்? கையில தெரியுற இறுக்கம்தான் சொல்லும். இது எல்லாத்தையும் மரம் ஆறுறதுக்குள்ள, சில நிமிஷத்துல முடிச்சாகணும்.

வளைஞ்சதும் உடனே எடுத்துடக்கூடாது. அச்சுலயே கட்டி வச்சுக் காய விடணும். அவசரப்பட்டு அவிழ்த்தா மரம் பழைய நிலையை நோக்கிக் கொஞ்சம் திரும்பும். அதனாலதான் பலர், தேவைப்படுறதை விடக் கொஞ்சம் அதிகமாவே வளைச்சு வைப்பாங்க.

வீட்டையே இழந்த ஒரு தச்சர்

இதைப் பெரிய தொழிலா மாத்தினவர் மிஷாயில் தோனெட். 1796-ல ரைன் நதிக்கரையில இருக்கிற போப்பார்ட் ஊர்ல பிறந்தவர். 1819-ல அங்கயே தச்சுப்பட்டறை வச்சார்.

அந்தக் காலத்துல வளைவான நாற்காலி வேணும்னா, பெரிய கட்டையில இருந்து வளைவைச் செதுக்கி எடுக்கணும். மரம் வீணாகும். நாரையும் குறுக்கே அறுக்கிறதால அந்த இடம் பலவீனமாகும். தோனெட் 1830-கள்ல வேற வழி தேடினார். மெல்லிய மரத்தகடுகளைச் சூடான பசையில ஊற வச்சு, அடுக்கா வளைச்சு ஒட்டினார். நம்ம நோட்டு உதாரணம்தான்: முதல்ல தாளை நழுவ விடு, அப்புறம் ஒட்டு.

1841-ல கோப்லென்ஸ் கண்காட்சியில இதைப் பார்த்த ஆஸ்திரிய அமைச்சர் மெட்டர்னிக், அவரை வியன்னாவுக்குக் கூப்பிட்டார். 1842-ல வியன்னாவுல மரம் வளைக்கிறதுக்கான உரிமம் கிடைச்சுது. ஆனா ஊர்ல கடன் ஏறிக்கிடந்துச்சு, சொத்து கைவிட்டுப் போச்சு. குடும்பத்தோட வியன்னாவுக்குக் குடிபெயர்ந்தவர், அங்க லீக்டன்ஸ்டைன் அரண்மனை வேலைகள்ல சேர்ந்து உழைச்சார். 1849-ல மறுபடி சொந்தப் பட்டறை. 1853-ல நிறுவனம் அஞ்சு மகன்கள் பேருக்கு மாறுச்சு.

ஒட்டின மரத்துல ஒரு குறை. அந்தக் காலத்துப் பசை விலங்குத் தோல், எலும்புல இருந்து வந்தது. ஈரம் பட்டா இளகும். கப்பல்ல ஏத்தி ஈரப்பதமான நாட்டுக்கு அனுப்பற பொருளுக்கு அது சரிப்படாது. அதனால பசையே இல்லாம, முழுக்கட்டையையே வளைக்கணும். அதுக்கு விடைதான் நாம பார்த்த ஆவியும் இரும்புப் பட்டையும். 1856-ல அதுக்கும் உரிமம் வாங்கினாங்க.

36 நாற்காலி, ஒரு பெட்டி

அடுத்த வருஷமே, பீச் காடுகள் நிறைஞ்ச மொராவியாவுல, இன்னைக்குச் செக் நாட்டுல இருக்கிற கொரிச்சானி ஊர்ல, தொழிற்சாலை கட்டினாங்க. 1859-ல வந்தது 14-ஆம் எண் நாற்காலி. வட்டமான உட்காரும் பகுதி, பின்னாடி ரெண்டு வளையம். படத்தைப் பார்த்தா "அட, இதுவா!"னு சொல்லுவீங்க. மும்பையோட பழைய இரானி கஃபேக்கள்ல இருக்கிற வளைமர நாற்காலிகளும் இந்தக் குடும்பம்தான்.

அதுல மொத்தம் 6 மரத்துண்டு, 10 திருகு, 2 நட்டு. பசை கிடையாது. பின்னங்கால்ல ஆரம்பிச்சு முதுகு சாயற வளைவு வழியா மறுபக்கக் கால் வரைக்கும் ஒரே துண்டு. பிரிச்சு அடுக்கினா ஒரு கனமீட்டர் பெட்டிக்குள்ள 36 நாற்காலி அடங்கும். போய்ச் சேர்ந்த ஊர்ல திருகு முடுக்கிக்கலாம். இன்னைக்கு நீங்க ஆன்லைன்ல வாங்கி வீட்டுல மாட்டுற ஃபர்னிச்சருக்கு இதுதான் தாத்தா. 1930-க்குள்ள சுமார் 5 கோடி நாற்காலி வித்துச்சுன்னு சொல்றாங்க.

இந்த எண்ணிக்கைக்குப் பின்னாடி யார் இருந்தாங்கன்னும் பார்க்கணும். வேலையைச் சின்னச் சின்னதா பிரிச்சுட்டதால, பல வருஷம் தச்சு கத்துக்காதவங்களும் இதைச் செய்ய முடிஞ்சுது. ஆவி பறக்கிற கட்டையை வளைக்கிறது ஆம்பளைங்க வேலையா இருந்துச்சு. தேய்க்கிறது, பாலிஷ் போடறது, பிரம்பு பின்னுறதுன்னு நிறைய வேலையைப் பெண்கள் பார்த்தாங்க. நாற்காலி மலிவா கிடைச்சதுக்குப் புது முறை ஒரு காரணம், மலிவான கூலி இன்னொரு காரணம். ஒரு முழுத் தச்சரோட கைத்திறன் சின்னத் துண்டுகளா உடைஞ்ச கதையும் இதுக்குள்ள இருக்கு.

இன்னும் கையாலதானா?

1869-ல அந்தத் தனி உரிமம் முடிஞ்சதும் போட்டி நிறுவனங்கள் வந்தன. 1871-ல தோனெட் இறந்தார். ஆனா அவங்க குடும்பம் 1861-ல பிஸ்த்ரிட்ஸேல தொடங்கின தொழிற்சாலை இன்னும் ஓடுது. டொன்ங்கிற பேர்ல இயங்குற அந்த இடத்துல, 14-ஆம் எண் நாற்காலியோட முதுகு வளைவை இன்னைக்கும் தொழிலாளிங்க கையாலதான் வளைக்கிறாங்க.

பெரிய ஹைட்ராலிக் மிஷின் இருக்கிற காலத்துல ஏன் இப்படி? மரம் இரும்பு மாதிரி ஒரே சீரா இருக்காது. ஒரு கட்டையில நார் லேசா சாய்ஞ்சிருக்கும், இன்னொண்ணுல கண்ணுக்குத் தெரியாத முடிச்சு இருக்கும். இழுக்கும்போதே அது கைக்குத் தெரியும். அங்க வேகத்தைக் குறைக்கலாம், திருகைத் தளர்த்தலாம்.

நீங்களும் முயற்சி பண்ணப் போறீங்கன்னா மூணு விஷயம். சூளையில வச்சு நல்லா உலர்த்தின மரம் வேண்டாம், கொஞ்சம் ஈரம் இருக்கிற மரம்தான் வளையும். நார் நேரா ஓடுற கட்டையா பாருங்க. வெப்பமண்டல மரங்கள்ல நிறைய வகை இதுக்கு அவ்வளவா ஒத்து வராது, அதனால பெரிய கட்டைக்கு முன்னாடி சின்னத் துண்டுல சோதிச்சுப் பாருங்க. கையுறை மறக்காதீங்க, ஆவி விளையாட்டில்ல.

கட்டை உடைஞ்சா, உடைஞ்ச இடத்தைப் பாருங்க. வெளிப்பக்கம் பிய்ஞ்சிருந்தா பட்டை இறுக்கம் பத்தல. உள்பக்கம் சுருக்கம் விழுந்திருந்தா இறுக்கம் ஜாஸ்தி. அடுத்த கட்டைக்குத் திருகை எந்தப் பக்கம் திருப்பணும்னு அதுலயே தெரிஞ்சுடும்.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.