சிங்கராஜாவில் பறவை பார்க்க

மழைக்காட்டுக்கு முதன்முறை பறவை பார்க்கப் போகிறவர்கள் ஒரு மணி நேரத்துக்குள் சோர்ந்துபோவது வழக்கம். இலங்கையின் சிங்கராஜா வனத்திலும் இதே கதைதான். இரத்தினபுரியிலிருந்து கலவானை வழியாகக் குடாவ வாசலுக்கு வந்து, சீட்டு வாங்கி, கட்டாயமாக உடன் வரும் வழிகாட்டியோடு உள்ளே நடந்தால் ஈரம் இருக்கிறது, காலில் ஏறும் அட்டை இருக்கிறது, இலைக்கு மேல் இலையாகப் பச்சை இருக்கிறது. பறவையைத்தான் காணோம். உலகில் வேறெங்கும் இல்லாத பறவையினங்கள் இந்தத் தீவில் முப்பதுக்கு மேல் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை இந்தக் காட்டில் வாழ்கின்றன என்று படித்துவிட்டு வந்தவருக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

அவசரப்பட வேண்டாம். இங்கே பறவைகள் காடெங்கும் சீராகப் பரவிக் கிடப்பதில்லை. பல இனங்கள் ஒன்றாகச் சேர்ந்து, ஒரே கூட்டமாக மேய்ந்தபடி நகர்கின்றன. கூட்டம் இல்லாத இடம் வெறிச்சென்று கிடக்கும். கூட்டம் வந்துவிட்டால் எந்தப் பக்கம் திரும்புவது என்றே தெரியாது. கொழும்புப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சரத் கொட்டகமவும் அவரோடு பணியாற்றியவர்களும் 1981 முதல் இந்தக் கலப்புக் கூட்டங்களைத் தொடர்ந்து குறித்துவந்தார்கள். ஒரு கூட்டத்தில் சராசரியாக 11 இனங்கள், 40-க்கு மேற்பட்ட பறவைகள் இருப்பது அதில் தெரியவந்தது.

எதற்காக இப்படிச் சேர்கின்றன? கூட்டத்தின் நடுநாயகமாக இருப்பவை செம்மஞ்சள் அலகுள்ள தவிட்டுக்குருவிகள். நம் ஊர்த் தவிட்டுக்குருவிகளைப் போலவே இவையும் தனியாக இருக்கத் தெரியாதவை. சளசளவென்று பேசிக்கொண்டே இலைகளையும் கொடிகளையும் துழாவிச் செல்லும். அந்தத் துழாவலில் ஒளிந்திருந்த பூச்சிகள் கலைந்து பறக்கும். அதற்காகவே பக்கத்துக் கிளையில் காத்திருக்கும் கொண்டைக் கரிச்சான், பாய்ந்து பிடித்துக்கொள்ளும்.

கரிச்சான் இலவசமாகத் தின்றுவிட்டுப் போவதில்லை. திறந்த கிளையில் உட்கார்ந்து நாலாபுறமும் பார்ப்பதால் வல்லூறு வருவது அதன் கண்ணுக்குத்தான் முதலில் தெரியும். தவிட்டுக்குருவிகளும் எச்சரிக்கைக் குரல் கொடுக்கும். ஆனால் சும்மா பதறுவதும் அவற்றுக்கு வழக்கம். கரிச்சான் கத்தினால் ஆபத்து பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். இன்னொரு திறமையும் அதற்கு உண்டு. மற்றப் பறவைகளின் குரல்களை அச்சு அசலாகப் பாடிக்காட்டும். கொட்டகமவும் அவரோடு பணியாற்றிய எபன் குடேலும் கரிச்சானின் குரல் பதிவுகளைக் காட்டுக்குள் ஒலிக்கவிட்டுப் பார்த்தார்கள். பிற பறவைகளின் பாட்டு கலந்த பதிவுக்கே அதிகப் பறவைகள் வந்து சேர்ந்தன. கூட்டம் சிதறாமல் இருப்பதால் கரிச்சானுக்கும் லாபம்.

வழிகாட்டியின் காது செய்யும் வேலை இங்கேதான் விளங்கும். அவர் கண்ணால் தேடுவதில்லை. தொலைவில் அந்தச் சளசளப்புக் கேட்டதும் நின்று, கூட்டம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று கணித்து, அது பாதையைக் கடக்கப்போகும் இடத்தில் உங்களை நிறுத்துவார். அதன்பிறகு துரத்தாமல் நிற்பது உங்கள் பொறுப்பு. தரையை ஒட்டிய புதரில் சாம்பல் தலைச் சிரிப்பான்கள் போகும். நடு மட்டத்தில் தவிட்டுக்குருவிகள் போகும். எல்லோரும் அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, உச்சிக் கிளைகளில் சத்தமே இல்லாமல் ஒரு பெரிய பறவை தாவும். நெற்றி முதல் கன்னம் வரை சிவப்பு, அலகு இளம்பச்சை, நெஞ்சு கறுப்பு, வயிறு வெள்ளை, நீண்ட வாலின் நுனியும் வெள்ளை: செம்முகப் பூங்குயில். அதைத் தனியாகத் தேடினால் நாள் முழுக்க அலைய நேரலாம். கூட்டத்தோடு சேர்ந்துதான் அது பெரும்பாலும் காட்சி தரும்.

நீங்கள் நடக்கும் அந்த அகலமான பாதைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1970-களில் ஒட்டுப்பலகைத் தொழிலுக்காக இந்தக் காட்டில் இயந்திரங்களைக் கொண்டு மரம் வெட்டினார்கள்; அதற்குப் போட்ட பாதைதான் இது. எதிர்ப்பு வலுத்து, வெட்டு நின்றது. 1988-இல் சிங்கராஜா உலக மரபுரிமைக் களமானது. அந்தப் போராட்டத்தில் முன்னின்ற திலோ ஹாஃப்மனின் பெயரை இன்று ஓர் ஆந்தை தாங்கியிருக்கிறது.

அந்த ஆந்தையின் கதை காதால் தொடங்கியது. 1995-இல் தீபல் வரகாகொட இருட்டில் ஒரு குரலைக் கேட்டார். இலங்கைப் பறவைக் குரல்களில் தேர்ந்தவரான அவருக்கே அது புதிதாக இருந்தது. விடாமல் தேடி, 2001 ஜனவரியில் சிங்கராஜாவில் அந்தப் பறவையைக் கண்ணால் பார்த்தார். 2004-இல் அது புதிய இனமாக அறிவியலில் பதிவானது. ஒரு சாண் உயரம்கூட இல்லாத செம்பழுப்பு ஆந்தை. பகலில் தரைக்குச் சற்று மேலே, அடர்ந்த புதருக்குள் தூங்கும். பக்கத்தில் நின்றாலும் சருகு என்று தாண்டிப் போய்விடுவோம். வழிகாட்டிதான் புதருக்குள் நுழைந்து தேடி, இடத்தை உறுதிசெய்துகொண்டு நம்மைக் கூப்பிடுவார்.

அப்படிக் கூப்பிட்டால் ஓரிரு நிமிடம் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், கிளையை ஒதுக்க வேண்டாம். போனில் பறவைக் குரலை ஒலிக்கவிடச் சொல்லி வழிகாட்டியை நச்சரிக்காதீர்கள். அதைக் கேட்டால், தன் எல்லைக்குள் எதிரி புகுந்துவிட்டதென்று பறவை மேய்ச்சலை விட்டு அலையும். தினமும் ஆட்கள் வரும் பாதையில் இது எத்தனை முறை நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

போவதென்றால் மழை குறைந்த ஜனவரி முதல் மார்ச் வரை போகலாம். பைனாகுலர், அட்டைக் காலுறை, குடை மூன்றும் வேண்டும். காலையில் வாசலிலேயே வழிகாட்டியிடம் சொல்லிவிடுங்கள்: “பட்டியல் நிரம்பாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு கூட்டத்தை முதலிலிருந்து கடைசிவரை பார்க்க வேண்டும்.”